பெயர் தெரிந்தால் போதுமா?

உங்கள் வீட்டுக் கொல்லையில் இதுவரை நீங்கள் பார்த்திராத ஒரு காய் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது இரவில் படித்துக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒரு பூச்சி புத்தகத்தின்மேல் வந்து உட்காருகிறது. என்ன செய்வீர்கள்? முன்பெல்லாம் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் 'இது என்ன?' என்று கேட்போம். இன்று கைபேசியில் படம் பிடித்தால் சில நொடிகளில் பெயர் வந்துவிடுகிறது. லத்தீன் பெயரும் கூடவே வருகிறது. பெயர் தெரிந்ததும் காய் குப்பைக்கூடைக்குப் போகிறது. பூச்சி செருப்பின் அடிக்குப் போகிறது.

விஞ்ஞானம் தொடங்கவேண்டிய இடத்தில் நாம் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம் என்பதுதான் என் குறை. 'இது என்ன?' என்று கேட்ட வாயால் 'இது ஏன் இங்கே இருக்கிறது? எப்படி வந்தது?' என்றும் கேட்டால் என்ன? நான் கல்லூரியில் பௌதிகம் போதிப்பவன். பழத்துக்கும் பூச்சிக்கும் பௌதிக ஆசிரியருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பாடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு விளக்கம் தோன்றினால் உடனே அதை நம்பிவிட மாட்டோம். தராசையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தைக் கொல்லைப்புறத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமியைச் சேர்ந்தவர்கள். இலந்தை, கொடுக்காப்புளி, நாவல், பனம்பழம் இவைதாம் எங்கள் வீட்டார் அறிந்த பழங்கள். வேலை மாற்றத்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு அருகே ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினோம். வீட்டைச் சுற்றிப் பாதி மரங்களுக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. சிறிய பலாப்பழம் போல முள்ளோடு காய்க்கும் அயனி மரம் ஒன்று வானளாவ நின்றது. மெழுகில் செய்தாற்போல் இளஞ்சிவப்பு நிறத்தில் சாம்பக்காய் உதிர்ந்து கிடந்தது. என் தாயார் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, 'எந்த ஊர்க் காயோ!' என்று வைத்துவிடுவார்.

எல்லாவற்றிலும் பிள்ளைகளைக் கவர்ந்தது கிணற்றடியில் இருந்த புளிச்சக்காய் மரம். பிலிம்பி என்றும் சொல்வார்கள். விரல் நீளமுள்ள பச்சைக் காய்கள் கிளை நுனியில் தொங்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன், யாரோ வேண்டுமென்றே ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தான். பக்கத்து வீட்டு மூதாட்டி சிரித்துக்கொண்டே, 'மீன்குழம்புக்குப் போடு மக்களே, புளி வேண்டாம்' என்றார். பெயரும் கிடைத்தது, பயனும் கிடைத்தது. பேச்சு அதோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் விடவில்லை. காய் ஏன் அடிமரத்தில் காய்க்கிறது? பலாவும் அப்படித்தானே காய்க்கிறது என்று நினைவு வந்ததும் அவளே விளக்கமும் சொன்னாள். பலாப்பழம் இருபது கிலோ இருக்கும். அது மூன்று மீட்டர் தள்ளிக் கிளை நுனியில் தொங்கினால் நெம்புகோல் விதிப்படி கிளை முறிந்துவிடும். ஆகவே கனமான பழம் தண்டில் காய்க்கிறது என்றாள். பாடப்புத்தகத்தில் படித்த திருப்புத்திறனை அவளாகவே பயன்படுத்தியது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி ஒரு கேள்வி கேட்டான்: 'புளிச்சக்காய் என்ன கனம்?'

சமையலறைத் தராசில் பத்துக் காய்களை வைத்து நிறுத்தோம். 190 கிராம். அதாவது ஒரு காய் 19 கிராம். இந்தச் சின்னஞ்சிறு காய்க்கு எந்தக் கிளை முறியும்? விளக்கம் நொண்டியது. வாய்க்காலோரம் நின்ற அத்தி மரத்தில் கோலிக்குண்டு போன்ற அத்திக்காய்களும் தண்டைச் சுற்றித்தான் மொய்த்திருந்தன. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? ஒரு கிலோவைத் தாண்டும் பம்பளிமாஸ் பழம் கிளை நுனியில்தான் தொங்குகிறது; கிளை வளைகிறதே தவிர முறிவதில்லை. கனமில்லாதவை தண்டில் இருக்கின்றன; கனமானது நுனியில் இருக்கிறது. ஆகவே கனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பலாவுக்கு ஒருவேளை அது பொருந்தலாம். எல்லா மரத்துக்கும் பொதுவான விதியாகாது. தண்டில் பூத்தால், கிளை நுனிக்குப் போகமுடியாத பூச்சிகளும் விலங்குகளும் பூவையும் பழத்தையும் எட்டமுடியும் என்று தாவரவியலார் சொல்லும் விளக்கங்களில் ஒன்று இருக்கிறது. அதையும் ஒருநாள் பிள்ளைகள் சோதிக்கத்தான் போகிறார்கள். வீட்டுத் தராசு ஒன்றைக் கொண்டு, பதினைந்து நிமிடத்தில், அழகான ஒரு கருத்தை அவர்களே சாய்த்துவிட்டார்கள் பாருங்கள். அதை எந்தக் கைபேசியும் செய்து கொடுத்திருக்காது.

அத்தி என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமலில்லை, நாம் காய் என்று நினைப்பதன் உள்ளே நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி ஒன்று, காயின் நுனியிலுள்ள இடுக்கு வழியே நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பெரும்பாலும் அந்த முயற்சியில் அதன் இறக்கைகள் உதிர்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையும் இட்டு, அங்கேயே இறந்துபோகிறது. முட்டையிலிருந்து வரும் ஆண் குளவிகளுக்கு இறக்கையே இல்லை. அவை இனச்சேர்க்கை முடித்து, காயின் சுவரைத் துளைத்துப் பெண்களுக்கு வழி செய்து கொடுப்பதோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே வரும் பெண் குளவிகள் அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்துப் பூச்சி என்று வீசியெறிகிறோமே, அந்தப் பூச்சி இல்லாவிட்டால் அத்திக்கு விதை இல்லை.

இங்கே என்னை மறுப்பவர்களும் உண்டு. எங்கள் கல்லூரித் தாவரவியல் துறை நண்பர் ஒருவர், 'பெயரை இளப்பமாகப் பேசாதீர். பெயர் தெரிந்தால்தானே மற்றவர்கள் கண்டறிந்ததை நாம் தேடிப் படிக்கமுடியும்?' என்கிறார். அவர் சொல்வது நியாயம். தின்னும் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. அங்கே பெயர் தெரியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக்கூடாது.

காட்டாமணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேலியோரங்களில் எங்கும் நிற்கும் செடி. அதன் பருப்பு வேர்க்கடலை போல் சுவையாக இருப்பதால், பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. சுவை நன்றாயிருப்பது பாதுகாப்புக்கு அத்தாட்சியாகாது. 'பறவை தின்றால் மனிதனும் தின்னலாம்' என்று ஒரு விதி கிராமங்களில் உலவுகிறது. அதையும் நம்பாதீர்கள். இருவாட்சிப் பறவைகள் எட்டிப்பழத்தைத் தின்கின்றன; எட்டி விதையில் இருப்பதோ ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு. பறவைக்கு மிளகாயின் காரமே உறைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அதன் நாக்கும் வயிறும் வேறு, நம்முடையவை வேறு. கைபேசி சொல்லும் பெயரும் படத்தின் சாயலை வைத்துச் செய்யும் ஊகமே. அதை நம்பி எதையும் வாயில் வைக்கக்கூடாது. அந்த மரத்தோடு பழகி, அதன் காயைச் சமைத்துத் தின்றுவரும் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களும் தெரியாதென்றால் விட்டுவிடுங்கள்.

தின்னத் தகுந்ததிலும் அளவு உண்டு. புளிச்சக்காயின் புளிப்புக்கு முக்கிய காரணம் ஆக்ஸாலிக் அமிலம். துருக்கறை படிந்த கத்தியில் அந்தக் காயைத் தேய்த்துப் பாருங்கள், கறை கரைந்து போகும். குழம்பில் நாலு காய் போடுவதால் கேடில்லை; ஆனால் கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதன் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனிப் பூச்சிக்கு வருவோம். குடியேறிய அடுத்த கோடையில் முதல் மழை பெய்த இரவு, வீட்டுக்குள் கறுப்பு வண்டுகள் நுழையத் தொடங்கின. ஒன்றிரண்டு அல்ல, சுவர், ஓடு, பாய், சோற்றுப்பானை மூடி எங்கும் வண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொட்டால் ஒரு நெடி வீசியது. நசுக்கிய இடத்தில் தோல் எரிந்தது. என் மனைவி துடைப்பத்தை எடுத்தார். நான் பூச்சிமருந்து வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன். அதே மூதாட்டி வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்: 'கடிக்காது மக்களே! விளக்கை அணைச்சுப் போடு.'

அணைத்தோம். வருகை கணிசமாகக் குறைந்தது. இதுதான் முப்ளி வண்டு. கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் முப்ளி என்னும் ஊரின் ரப்பர்த் தோட்டத்தால் இப்பெயர் பெற்றது. லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். சரி, பெயர் கிடைத்துவிட்டது. அது ஏன் நம் வீட்டுக்கு வருகிறது?

பிள்ளைகள் மறுநாள் வண்டுகள் வந்த திசையைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டம். ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை, பனிக்காலத்தின் பிற்பகுதியில், இலையை மொத்தமாக உதிர்க்கிறது. கணுக்கால் அளவு கிடக்கும் அந்தச் சருகில்தான் முப்ளி வண்டு முட்டையிட்டு, வளர்ந்து, பெருகுகிறது. கோடைமழையில் சருகு நனைந்ததும் அவை லட்சக்கணக்கில் கிளம்பி, ஈரமில்லாத இடம் தேடி வருகின்றன. ஓட்டு இடுக்குகளிலும் கூரையிலும் புகுந்து ஏறத்தாழ ஒன்பது மாதம் இரை தின்னாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. அடுத்த இலையுதிர்வின்போது தோட்டத்துக்குத் திரும்பிவிடுகின்றன. நம் சோற்றுக்கோ தானியத்துக்கோ அவை வருவதில்லை.

இப்போது இன்னும் ஓர் அடி பின்னால் போவோம். ரப்பர் மரம் நம் நாட்டது அன்று. அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏராளமான விதைகளை லண்டனுக்கருகில் உள்ள கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மழையிரவில் நம் பாயில் ஊரும் வண்டு, மலைச்சரிவு முழுவதும் ஒரே மரத்தை நட்டு, ஒரே பருவத்தில் அதன் சருகை மலைபோல் குவித்த மனிதரின் வேலையோடு சம்பந்தப்பட்டது. இதையறிந்தவர் துடைப்பத்தோடு தோட்டத்துச் சருகையும் நினைப்பார். முதல் மழை எப்போது என்று பார்த்து, அன்று மாலையே வாசல் விளக்கை அணைத்து வைப்பார். வெறும் பெயர் மட்டும் அறிந்தவர் மருந்தைத்தான் அடிப்பார். குழந்தைகள் படுத்துறங்கும் அறையில் ஓட்டின்மேலெல்லாம் நஞ்சைத் தெளிப்பது எனக்கு உடன்பாடில்லை. செத்த வண்டு இரவெல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கும்; நாம் மூச்சில் இழுப்பது மருந்தைத்தான்.

விளக்குக்குப் பூச்சி ஏன் வருகிறது என்பதையும் விடலாகாது. பூச்சி ஒளியை விரும்புகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதிவேகக் காமிராவைக் கொண்டு ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2024-இல் வெளியிட்ட முடிவு வேறு. பறக்கும் பூச்சி வெளிச்சம் உள்ள பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக்கொள்ளும் இயல்புடையது. இயற்கையில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம்தான். முதுகு வானத்தை நோக்கினால் நேராகப் பறக்கிறோம் என்று பொருள். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் பூச்சி அதற்கு முதுகைத் திருப்பிச் சாய்ந்து, சாய்ந்ததால் வளைந்து, விளக்கையே சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கிறது. மேலே-கீழே என்பதை அறிவதில் வந்த குழப்பம் இது. பௌதிகம் இங்கேயும் வந்துவிட்டது, பார்த்தீர்களா!

ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் விளக்கடிக்கு வரும் எல்லாப் பூச்சியும் முப்ளி போல் சாது அன்று. எறும்பைப் போல் மெலிந்து, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி உள்ள ஒரு சிறு வண்டு கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். ஆசிட் பூச்சி என்று சிலர் சொல்லும் இது கடிப்பதில்லை. நசுங்கினால் அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் கொப்புளம் போடும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக்கூடாது.

பழமும் பூச்சியும் ஒன்றுசேரும் இடம் ஒன்று உங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. மாங்கொட்டை! நீலம் மாம்பழத்தை நறுக்கும்போது, சதையில் கீறலில்லை, தோலில் ஓட்டையில்லை. கொட்டையைப் பிளந்தால் உள்ளே உயிரோடு ஒரு கூன்வண்டு. எப்படிப் போயிற்று? 'உள்ளேயே உண்டாகிறது' என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுகிய இறைச்சியில் புழு தானாக உண்டாகிறது என்று ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நம்பினார்கள். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியைச் சில பாத்திரங்களில் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்துப் பார்த்தார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டுமே புழு வந்தது. 1668-இல் அதை நூலாக வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், இலைகளில் உண்டாகும் பூச்சிக் கழலைகளைப் பற்றி மட்டும் அவரே, செடிதான் அந்தப் புழுவைப் பிறப்பிக்கிறது என்று எண்ணினார். அங்கே அவர் மூடிப் பார்க்கவில்லை.

மாங்கொட்டை வண்டின் கதை இதுதான். காய் பச்சையாக இருக்கும்போதே தாய் வண்டு தோலின்மேல் முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழு நூலளவு துளையிட்டுச் சதை வழியே இன்னும் கெட்டிப்படாத கொட்டைக்குள் நுழைகிறது. காய் பெருக்கப் பெருக்க வந்த வழி மூடித் தழும்பும் மறைந்துபோகிறது. கொட்டை இறுகுகிறது, உள்ளே புழு பருப்பைத் தின்று வண்டாகிறது. கதவு பூட்டப்பட்டது அது உள்ளே போன பிறகு!

இந்தச் சின்ன வண்டு நாடுகளுக்கிடையே வணிகத்தையே தடுத்திருக்கிறது. நம் மாம்பழத்தோடு வண்டும் வந்துவிடும் என்ற அச்சம், அமெரிக்கா இந்திய மாம்பழத்தை நெடுங்காலம் அனுமதிக்காததற்கு ஒரு காரணம். 2007 முதல், குறைந்தது 400 கிரே அளவு கதிர்வீச்சு செலுத்திய பழங்களை ஏற்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் லாசல்காவில் கோபால்ட்-60 தரும் காமாக் கதிர்களால் இது செய்யப்படுகிறது. 400 கிரே என்றால் கிலோ ஒன்றுக்கு 400 ஜூல் ஆற்றல். பெரிதாகத் தோன்றுகிறதா? ஒரு கிலோ தண்ணீரில் அவ்வளவு ஆற்றலும் வெப்பமாக மாறினால் வெப்பநிலை சுமார் 0.1 டிகிரி செல்சியஸ் மட்டுமே ஏறும். பழம் பழமாகவே இருக்கிறது. ஆனால் வண்டின் செல்களுக்குள் மரபுப்பொருள் சிதைகிறது. அது உடனே செத்துவிட வேண்டும் என்பதில்லை. பெருகமுடியாமல் போனால் போதும்.

நான் சொன்னதை நம்பவேண்டாம். ரெடியைப் போல் மூடிப் பாருங்கள். வீட்டிலோ பக்கத்திலோ மாமரம் இருந்தால், வரும் பருவத்தில் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவு இருக்கும்போது இருபதைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பிஞ்சுகளுக்குத் துணிப்பை கட்டுங்கள். பத்தைத் திறந்தே விடுங்கள். இரண்டு வகையும் ஒரே மரத்தில், ஒரே உயரத்தில் இருக்கட்டும். தேதியை எழுதிப் பையிலேயே தொங்கவிடுங்கள். பிஞ்சு பல உதிரும். உதிர்ந்ததையும் கணக்கில் எழுதுங்கள். பழுத்தபின் பெரியவர் ஒருவரைக் கொண்டு கொட்டையைப் பிளக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். பத்து என்பது சிறிய எண். ஆகவே வகுப்பு நண்பர் நாலைந்து பேர் வெவ்வேறு மரங்களில் செய்து கணக்கைச் சேர்த்துக்கொள்வது நல்லது. உங்கள் மரத்துப் பக்கம் வண்டே இல்லையென்றால் இரண்டு வரிசையிலும் சுழியம்தான் வரும். அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.